லேபிள் எதை அளந்து சொல்கிறது?

ஒயின் பரிமாறும் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் முதலில் நான் எடுத்துக் கொடுப்பது ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்குப் புட்டியைத்தான். பச்சைக் கண்ணாடி, ஒல்லியான உயரம், லேபிள் முழுக்க நீளநீளமான சொற்கள். எளிதான ஒன்றில் தொடங்கலாமே என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்பதுண்டு. ஆஸ்திரேலியப் புட்டியில் ‘ஷிராஸ்’ என்று திராட்சையின் பெயர் பெரிதாக இருக்கும். பார்த்த உடனே விளங்கிவிடும். ஆனால் அதை மட்டும் படித்துப் பழகியவருக்கு அடுத்த நாட்டுப் புட்டி விளங்காது. மோசல் லேபிளை ஒருமுறை சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தவர், பிரான்ஸ், ஸ்பெயின் என்று எங்கே போனாலும் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டுவிடுகிறார்.

அந்தக் கேள்வி இதுதான்: இந்தச் சொல் எதை அளந்து சொல்கிறது? சில சொற்கள் மண்ணை அளக்கின்றன. சில, பறித்த நாளில் பழத்தில் இருந்த சர்க்கரையை. சில, ஒயின் நிலவறையில் கிடந்த காலத்தை. சில, புட்டியை மூடும்போது மிஞ்சியிருந்த இனிப்பை. ஒன்றை அளந்த சொல்லை இன்னொன்றுக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதால்தான் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குக் குழப்பம் வருகிறது. எதையுமே அளக்காத சொற்களும் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

‘2019 வேலனர் ஸோனனூர் ரீஸ்லிங் ஷ்பேட்லேஸ’ என்று ஒரு லேபிள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2019 என்பது பழம் பறித்த ஆண்டு. புட்டியில் அடைத்த ஆண்டும் அல்ல, கடைக்கு வந்த ஆண்டும் அல்ல. வேலன் என்பது மோசல் ஆற்றங்கரை ஊர். ‘வேலனர்’ என்றால் அந்த ஊரைச் சேர்ந்தது. ஸோனனூர் அந்த ஊருக்குரிய தோட்டச் சரிவின் பெயர், சூரியக் கடிகாரம் என்று பொருள். 1842இல் யோடோகுஸ் ப்ரூம் என்பவர் அந்தச் சரிவில் கட்டிய சூரியக் கடிகாரம் இன்றும் கொடிகளுக்கு நடுவே வெள்ளையாக நிற்கிறது. ஊர் ஆற்றின் ஒரு கரையில் இருக்க, தோட்டமோ எதிர்க்கரையில் இருக்கிறது. காரணம் வெயில். வடக்கு அட்சரேகை 50 டிகிரியை ஒட்டிய குளிர்ப் பகுதி அது. தெற்கும் தென்மேற்கும் பார்த்த செங்குத்துச் சரிவில்தான் ரீஸ்லிங் ஒழுங்காகப் பழுக்கும். ஆகவே வீடு ஒரு கரையிலும் கொடி மறு கரையிலுமாகப் போயிற்று.

அந்தச் சரிவில் ஏறி நின்றால் லேபிளில் தோட்டத்தின் பெயரை ஏன் அவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறார்கள் என்று புரியும். காலுக்கடியில் மண்ணே தெரியாது. உடைந்த சிலேட்டுத் துண்டுகள்தான், பள்ளிக்கூடச் சிலேட்டு செய்யும் அதே கல்வகை. பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கும் கல் அது. ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு மரக்கழி. இரண்டு தண்டுகளை இருபுறமும் வளைத்து, இதய வடிவில் அந்தக் கழியிலேயே கட்டியிருப்பார்கள். டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சிறு இழுவை வண்டியில் ஆளும் கூடையும் போய்வருவார்கள். ப்ரெம் ஊரின் கால்மோன்ட் சரிவில் சில இடங்களில் சாய்வு 60 டிகிரியைத் தாண்டுகிறது. அங்கே ஒருவர் செய்யும் வேலையின் பெரும்பகுதி, விழாமல் நிற்பதற்கே போகிறது. ஐரோப்பாவில் விளையும் மிக மென்மையான வெள்ளை ஒயின்கள் சில இவ்வளவு கடுமையான இடத்திலிருந்து வருவது எனக்கு இன்னும் பழகிப்போகாத அதிசயம்.

ரீஸ்லிங் திராட்சையின் பெயர். லேபிளில் ஒரு திராட்சையின் பெயரை மட்டும் போட்டால் குறைந்தது 85 சதவீதம் அந்தத் திராட்சையாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அறுவடை ஆண்டுக்கும் அதே கணக்கு.

இனி ‘ஷ்பேட்லேஸ’. தாமதமாகப் பறித்தது என்று பொருள். ரைன்காவ் பகுதியிலுள்ள யோஹானிஸ்பெர்க் மாளிகைத் தோட்டத்தில் 1775இல் நடந்ததாகச் சொல்லும் கதை ஒன்று இதற்கு உண்டு. பழம் பறிக்க ஃபுல்டா நகரத்துத் திருச்சபைத் தலைவரிடமிருந்து அனுமதி வர வேண்டும். அதைக் கொண்டுவரும் குதிரை வீரன் வாரக்கணக்கில் தாமதமாக வந்தானாம். அதற்குள் பழம் பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிட்டது. வேறு வழியின்றிப் பிழிந்த அந்தச் சாற்றிலிருந்து அதுவரை யாரும் சுவைக்காத ஒயின் கிடைத்ததாம். அந்த வீரனுக்கு அங்கே சிலையே இருக்கிறது.

சட்டம் கதையை வைத்து நடப்பதில்லை, எண்ணை வைத்து நடக்கிறது. ஃபோர்ட்ஸ்ஹைம் ஊர்க்காரர் ஃபெர்டினான்ட் ஓக்ஸ்லே 19ஆம் நூற்றாண்டில் திராட்சைச் சாற்றின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி ஒன்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூடுதல் எடையோ அத்தனை டிகிரி ஓக்ஸ்லே. கூடுதல் எடையில் பெரும்பகுதி சர்க்கரை. இப்போது தோட்டத்தில் கையடக்கக் கருவி போதும். ஒரு பழத்தை விரலால் நசுக்கி, கண்ணாடித் தகட்டில் இரண்டு துளி விட்டு மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஒன்று அளவுகோலில் நிற்கும். 78, 83, 90. வெயில் பட்ட கொத்துக்கு ஓர் எண், இலைமறைவில் இருந்த கொத்துக்கு இன்னோர் எண். அதைப் பார்த்துத்தான் நாளை பறிப்பதா, அடுத்த வாரம் வரை மழையைப் பொறுத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கிறார்கள்.

1971ஆம் ஆண்டு ஜெர்மன் ஒயின் சட்டம் இந்த எண்ணை வைத்துப் படிகளை வகுத்தது. காபினெட் முதற்படி, பகுதியையும் திராட்சையையும் பொறுத்து 67 முதல் 82 டிகிரி வரை அதற்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஷ்பேட்லேஸ. அதற்கும் மேல், கொத்துகளைத் தேர்ந்து பறிக்கும் அவுஸ்லேஸ. பிறகு, பழம் பழமாகப் பொறுக்கும் பேரனவுஸ்லேஸ. கொடியிலேயே உறைந்த பழத்தை உறைந்தபடியே பிழியும் ஐஸ்வைனுக்கும் இதே அளவுதான் வேண்டும். அதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரியாவது குளிர வேண்டும். உச்சியில் ட்ரோக்கன்பேரனவுஸ்லேஸ, 150 ஓக்ஸ்லேக்குக் குறையாத, உலர்திராட்சைபோலச் சுருங்கிய பழத்தின் சாறு. இந்தப் படிகளில் எதிலும் வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்கக் கூடாது. படிப்பெயர் இல்லாத சாதாரண ‘க்வாலிடேட்ஸ்வைன்’ என்றால், நொதிக்கும் முன் சாற்றில் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை உயர்த்த அனுமதி உண்டு.

கவனியுங்கள்: இவ்வளவும் அளந்தது பழத்தை. புட்டியில் இருக்கும் ஒயினை அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து ஓட்டல் படிப்புக்கு வந்த தம்பி ஒருவன் என்னிடம் பயிற்சியில் இருந்தான். கேட்டான்: “அண்ணா, ஷ்பேட்லேஸன்னா இனிப்பு ஒயின்தானே?”

“இல்லப்பா. பழம் எவ்வளவு இனிப்பா இருந்துச்சுன்னு அது சொல்லுது. ஒயின்ல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியணும்னா கீழ சின்ன எழுத்தைப் பாரு.”

புட்டியைத் திருப்பிப் பார்த்தான். “எட்டு பர்சன்ட்ணா.”

அந்த எட்டில்தான் விஷயம் இருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். 85 ஓக்ஸ்லே சாறு முழுவதும் நொதித்தால் 11 சதவீதத்துக்குச் சற்று மேலே போகும். லேபிளில் 8 என்று இருந்தால், இடையிலேயே குளிரூட்டி, வடிகட்டி நொதிப்பை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். மிஞ்சிய மூன்றே சொச்சம் சதவீதத்துக்கான சர்க்கரை, லிட்டருக்கு ஏறத்தாழ 55 கிராம், புட்டிக்குள் இருக்கிறது. அதே சரிவின் அதே பழத்தை முழுவதும் நொதிக்க விட்டிருந்தால் லேபிளில் 11 அல்லது 11.5 என்றிருக்கும், பக்கத்தில் ‘ட்ரோக்கன்’ என்ற சொல்லும் இருக்கும். ட்ரோக்கன் என்றால் இனிப்பற்றது. லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை, அதுவும் புளிப்பு ஈடுகொடுத்தால் மட்டும். மோசல் வெள்ளை ஒயினில் ஆல்கஹால் 7 முதல் 9 வரை இருந்தால் இனிப்பு, 12ஐ ஒட்டி இருந்தால் இனிப்பில்லை. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், கடை அலமாரி முன்னால் தைரியமாக நிற்கலாம்.

55 கிராம் என்றதும் சர்பத்தை நினைத்துவிடக் கூடாது. மோசல் ரீஸ்லிங்கில் புளிப்பு லிட்டருக்கு 7, 8 கிராமுக்குக் குறையாமல் இருப்பது வழக்கம். இனிப்பு நாக்கின் நுனியில் பட்ட மறுகணமே அந்தப் புளிப்பு இரு ஓரங்களிலும் நீர் ஊற வைத்து அதைத் துடைத்துவிடும். விழுங்கிய பிறகு நிற்பது பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும், ஈரக் கல்லின் வாசனையும். வயதான புட்டியில் மண்ணெண்ணெயை நினைவூட்டும் மணம் ஒன்று வரும். முதன்முறை முகர்பவர்கள் கெட்டுப்போனதென்று திருப்பிக் கொடுக்கப் பார்ப்பார்கள். அது முதிர்ந்த ரீஸ்லிங்கின் இயல்பு, கொஞ்ச நேரம் கோப்பையில் விட்டால் தேனும் பின்னால் வரும்.

புட்டியின் கழுத்து உறையில் திராட்சைக் கொத்தைத் தாங்கிய கழுகு இருந்தால், 1910இல் தொடங்கிய வி.டி.பி. என்ற தோட்டக்காரர் சங்கத்தின் உறுப்பினர் தயாரித்தது என்று பொருள். அவர்கள் காபினெட், ஷ்பேட்லேஸ போன்ற படிப்பெயர்களை இனிப்பு மிஞ்சிய ஒயின்களுக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள். தங்கள் மிகச் சிறந்த சரிவுகளின் இனிப்பற்ற ஒயினுக்கு ‘க்ரோஸஸ் கெவெக்ஸ்’ என்று பெயர், சுருக்கமாக ஜி.ஜி. சட்டம் விட்ட இடைவெளியைச் சங்கம் தன் ஒழுங்கால் அடைத்திருக்கிறது. மதிக்க வேண்டிய காரியம்.

அதே 1971 சட்டத்தின் மேல் எனக்குத் தீராத வருத்தமும் உண்டு. அதுவரை ஏறத்தாழ 30,000 தோட்டப் பெயர்கள் இருந்தன. அவற்றை 2,600 போலக் குறைத்தது. அதுகூடப் பரவாயில்லை. பல ஊர்களின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து ‘க்ரோஸ்லாகெ’ என்ற பெரும்பரப்புகளை உண்டாக்கி, அவற்றின் பெயரையும் தனித்தோட்டப் பெயர் எழுதும் அதே முறையில் எழுத அனுமதித்தது. ‘பீஸ்போர்ட்டர் கோல்ட்ரெப்ஷென்’ பீஸ்போர்ட் ஊரின் பெயர்பெற்ற தனிச் சரிவு. ‘பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்’ சுற்றியுள்ள பல ஊர்களின் நிலம் அடங்கிய பெரும்பரப்பு. பீஸ்போர்ட்டைக் கண்ணால் காணாத, ரீஸ்லிங்கும் அல்லாத பழம் அதில் இருக்கலாம். லேபிளில் இரண்டும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. மலிவான மிஷெல்ஸ்பெர்க்கைக் குடித்துவிட்டு, மோசல் என்றால் இவ்வளவுதான் என்று கைவிட்டவர்கள் உலகமெங்கும் எத்தனையோ பேர். கால்மோன்ட் போன்ற சரிவில் முதுகொடிய உழைப்பவர்களுக்குச் சட்டமே செய்த அநியாயம் இது. 2021இல் விதியைத் திருத்தி, பெரும்பரப்புப் பெயருக்கு முன்னால் ‘ரெகியோன்’ என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கால அவகாசம் 2025 அறுவடை வரைதான். பழைய புட்டிகளுக்கு உங்கள் கண்தான் காவல். அவற்றில் ‘கூட்ஸ்அப்ஃப்யூலுங்’ என்ற சொல்லைத் தேடுங்கள், சொந்தத் தோட்டத்துப் பழம், சொந்த இடத்திலேயே புட்டியில் அடைத்தது. வெறும் ‘அப்ஃப்யூலர்’ என்றால் அடைத்தவர் பெயர் மட்டுமே. பழம் யாருடையது என்று அந்தச் சொல் சொல்லாது.

லேபிளின் அடியில் ஏ.பி. என்று தொடங்கும் நீண்ட எண் இருக்கும். தரப் பிரிவில் விற்கும் ஒவ்வொரு ஜெர்மன் ஒயினும் ஆய்வகத்திலும், பெயர் மறைத்துச் சுவைக்கும் குழுவிடமும் போய்வந்ததற்கான அடையாளம் அது. கடைசி இலக்கங்கள் சோதித்த ஆண்டு, அதற்கு முந்தையவை அந்தத் தோட்டக்காரரின் வரிசை எண். ஒரே தோட்டக்காரர் ஒரே பெயரில் இரண்டு பீப்பாய்களைத் தனித்தனியாக அடைத்திருந்தால் இந்த எண்ணில் மட்டுமே வேறுபாடு தெரியும்.

இதே கேள்வியோடு மற்ற நாடுகளுக்குப் போய்ப் பாருங்கள். ஷாம்பெயினில் ‘ப்ரூட்’ என்பது மூடும்போது புட்டியில் உள்ள சர்க்கரையை அளக்கிறது: லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவு. ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்றால் இன்னும் இனிப்புக் குறைவு என்று தோன்றும். உண்மையில் 12 முதல் 17 கிராம், ப்ரூட்டைவிட இனிப்பானது. ‘டெமி செக்’ 32 முதல் 50 வரை. ஸ்பெயினின் ரியோஹாவில் ‘ரெசர்வா’ காலத்தை அளக்கிறது. சிவப்பு ஒயின் மொத்தம் மூன்றாண்டு முதிர வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். ‘க்ரான் ரெசர்வா’ என்றால் ஐந்தாண்டு, பீப்பாயில் இரண்டு. அதனால்தான் அதில் வெனிலாவும் உலர்ந்த இலையும் மணக்கின்றன. இளம் ஒயினில் நாவல் பழம் தின்றதுபோல் ஈறைப் பிடிக்கும் துவர்ப்பும் அடங்கியிருக்கிறது.

பர்கண்டியில் ‘க்ராண்ட் க்ரூ’ நிலத்தை அளக்கிறது, ஆளை அல்ல. க்ளோ த வூஜோ என்ற மதில் சூழ்ந்த தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர். ஆதியில் சிஸ்டர்சியன் துறவிகள் உண்டாக்கியது. இன்று அதில் 80 பேர் போல உரிமையாளர்கள். ஒரே பெயர், ஒரே தரம், 80 கைகள். அங்கே தோட்டத்தின் பெயரோடு தயாரித்தவர் பெயரையும் படிக்காவிட்டால் பணம் வீண். பர்கண்டிக்கு இன்னொரு பழக்கம்: ஜெவ்ரே என்ற ஊர் 1847இல் தன் புகழ்பெற்ற தோட்டமான ஷாம்பெர்தானின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘ஜெவ்ரே-ஷாம்பெர்தான்’ ஊர் ஒயின். ‘ஷாம்பெர்தான்’ என்று தனியாக நின்றால் க்ராண்ட் க்ரூ. பெயர் குறையக் குறைய விலை ஏறும். போர்தோவில் நிலைமை நேர்மாறு, அங்கே படி நிலத்துக்கு அல்ல. பாரிஸ் கண்காட்சிக்காக 1855இல் தரகர்கள் வகுத்த பட்டியல் அன்றைய விற்பனை விலையை அளந்து, மாளிகைகளுக்குப் படி கொடுத்தது. மூத்தோன் ரோத்ஷில்ட் 1973இல் முதற்படிக்கு ஏறியதைத் தவிர அதன் மேல்தட்டில் மாற்றமே இல்லை.

எதையும் அளக்காத சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் புட்டியில் ‘ரிசர்வ்’: கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்கு வரையறை இல்லை. பிரெஞ்சுப் புட்டியில் ‘வியேய் வீன்யு’, அதாவது முதிய கொடிகள்: எத்தனை வயது என்று சட்டம் சொல்லவில்லை. ஜெர்மனியிலேயே ‘ஃபைன்ஹெர்ப்’: இலேசான இனிப்பு என்று வழக்கில் புரிந்துகொள்கிறோம், சட்ட எல்லை கிடையாது. நல்ல தயாரிப்பாளர் எழுதினால் இவை நம்பத்தக்க குறிப்புகள்தான். மற்றவர் எழுதினால் அலங்காரம்.

நம் சமையலுக்கு எந்த ஒயின் என்று தமிழ் நண்பர்கள் கேட்கும்போதும் லேபிளின் அந்தச் சின்ன எண்ணுக்குத்தான் போகிறேன். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், 14.5 சதவீதச் சிவப்பு ஒயினும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் இன்னும் எரியும். 8 சதவீதக் காபினெட்டில் இருக்கும் இனிப்பு காரத்தைத் தணிக்கும், புளிப்பு எண்ணெயைக் கழுவும். மிளகாயும் மஞ்சளும் தடவிப் பொரித்த வஞ்சிரத்தோடு, நன்றாகக் குளிர்ந்த காபினெட்டை நான் யாருக்கு ஊற்றினாலும் இரண்டாம் முறை கேட்காமல் இருந்ததில்லை. வெப்பமான ஆண்டுகளில் பழம் சீக்கிரமே அதிக ஓக்ஸ்லேக்குப் போய்விடுவதால் மெல்லிய காபினெட் எடுப்பது கடினமாகி வருகிறது. 2021 போன்ற குளிர்ந்த ஆண்டின் புட்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

தொடங்க விரும்புகிறவருக்கு இரண்டு புட்டி போதும். ஒரே தயாரிப்பாளர், ஒரே அறுவடை ஆண்டு. ஒன்று காபினெட், மற்றது ட்ரோக்கன். இரண்டையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஒரு கால்மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைப் புட்டி தெரியாமல் ஊற்றித் தரச் சொல்லுங்கள். முதலில் புளிப்பைக் கவனியுங்கள், பிறகு இனிப்பை, கடைசியாகத் தொண்டையில் இறங்கும்போது வரும் ஆல்கஹாலின் சூட்டை. எதில் எத்தனை சதவீதம் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மீந்ததை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் காபினெட் நான்கைந்து நாள் தாங்கும். ட்ரோக்கனை மறுநாளே முடித்துவிடுவது நல்லது.